டாக்டர் ப்ளூமின் விரல்கள்

1893 வாக்கில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற இளம் மருத்துவர் ஃபார்மால்டிஹைடு கரைசலை வைத்துக்கொண்டு சோதனை செய்துகொண்டிருந்தார். அது கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பதுதான் வேலை. கொன்றது, ஆனால் மெதுவாகக் கொன்றது. நாளெல்லாம் அதிலேயே புழங்கியதில் அவர் விரல்களின் தோல் விறைத்துக் கெட்டியாகிவிட்டது. ஸ்பிரிட்டில் ஊறிய சதை இறுகுகிற மாதிரியே இருக்கிறதே என்று அவருக்குத் தோன்ற, செத்த சுண்டெலி ஒன்றை அந்தக் கரைசலில் போட்டார். சதை அழுகவில்லை, உருக்குலையவும் இல்லை. மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது செல்கள் அப்படி அப்படியே தெரிந்தன.

ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை பார்க்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப்பாருங்கள். “இதுல என்ன சார் அதிசயம், கை பதமாயிடுச்சு” என்பார். அவர் சொல்வதுதான் சரி. ஃபார்மால்டிஹைடு தோல் பதனிடப் பயன்படும் சரக்குகளில் ஒன்று. வெள்ளைத் தோல் எடுக்க ஒரு காலத்தில் அதை நிறையவே புழங்கினார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய், குரோமியம் உப்பு, ஃபார்மலின் என்கிற ஃபார்மால்டிஹைடு கரைசல் எல்லாம் வெவ்வேறு வழியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தோலிலிருக்கும் புரத இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து ஒன்றோடொன்று கட்டிப்போடுகின்றன. கட்டுண்ட புரதத்தைப் பாக்டீரியா தின்ன முடியாது. அந்த இழையான கொலாஜனின் முப்புரிக் கட்டமைப்பை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் ஊர்த் தொழிலின் அடிப்படை மூலக்கூறுக்கு நம் ஊரிலேயே உருவம் கிடைத்தது என்பதை ராணிப்பேட்டைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வேலூர் சிஎம்சி மாதிரியான எந்த மருத்துவமனையிலும், அறுவை சிகிச்சையில் எடுத்த மார்பகக் கட்டி முதலில் போய் விழுவது ப்ளூமின் அந்தக் கரைசலில்தான். ஃபார்மலினில் ஊறிய சதையைச் சின்னத் துண்டாக நறுக்கி, நீரை வாங்கிவிட்டு, உருக்கிய பாரஃபின் மெழுகில் பதித்தால் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கட்டி ஒன்று கிடைக்கும். ‘பிளாக்’ என்பார்கள். “பிளாக் வாங்கிட்டு வாங்க” என்று டாக்டர் சொல்லி, பழைய ஆஸ்பத்திரி வாசலில் நின்ற குடும்பங்களுக்கு இந்தச் சொல் தெரியும். குளிர்சாதனம் வேண்டாம், ஐஸ் வேண்டாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். பத்து வருஷம் கழித்து எடுத்துச் சீவினாலும் வேலைக்கு ஆகும்.

இந்தப் பெண்ணுக்குக் கட்டி திரும்ப வருமா, எந்த மருந்து பிடிக்கும் என்று அந்த பிளாக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற வித்தைதான் புரதக் குறியீட்டுச் சோதனை. அது பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மரபணு, நோபல் பரிசு என்று ஆரம்பிப்பார்கள். என் கணக்கில், பதனிட்ட சதையைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாளில்தான் அது பிறந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் பணக்கார நாட்டுச் சோதனைக்கூடங்களுக்குள் அடங்கிய அறிவு.

அந்த அறிவும் லேசில் வந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்ஸன் என்ற அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்துவிட, மார்பிலிருந்த கட்டி சுருங்கியது. 1896-ல் இதை வெளியிட்டார். மற்றவர்களும் செய்துபார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குத்தான் பலன் கிடைத்தது. மீதிப் பேர் சினைப்பையையும் இழந்து, நோயோடும் இருந்தார்கள். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை.

சிகாகோவில் எல்வுட் ஜென்சன் வேறு பக்கமிருந்து வந்தார். ஈஸ்ட்ரோஜன் உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அது எங்கே போய்த் தங்குகிறது என்று அவர் கேட்டார். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரடையாலை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தால், கருப்பை மாதிரிச் சில இடங்களில் மட்டும் அது தங்கியது. அங்கே அதைப் பிடித்து வைக்கும் புரதம் ஒன்று இருக்க வேண்டும். இதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, சுருக்கமாக ஈஆர். 1958-ல் வியன்னா மாநாட்டில் அவர் பேசியபோது கேட்க வந்தவர்கள் ஐந்தே பேர், அதிலும் மூன்று பேர் அதே அமர்வில் பேச வந்தவர்கள் என்று ஜென்சனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கட்டியில் இந்தப் புரதம் இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பலிக்கும், இல்லாவிட்டால் பெரும்பாலும் பலிக்காது. பீட்ஸனின் மூன்றில் ஒரு பங்குக்கு விடை இதுதான். 1977-ல் அமெரிக்காவில், ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமோக்சிஃபென் மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் இந்த விடைக்கு உயிர் வந்தது. குறியீடு இருந்து மருந்து இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் அந்தக் காலத்துச் சோதனையை நம் பக்கத்தில் வைத்து நினைத்துப் பாருங்கள். கட்டியை வெட்டிய கையோடு உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜன் அல்லது உலர் பனிக்கட்டி வேண்டும். உறைந்த சதையைப் பொடித்துக் கரைத்து, கதிரியக்க ஹார்மோனைச் சேர்த்து, கரித்தூளால் வடித்து அளக்க வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால்தான் அதற்குப் போதுமான சதை கிடைக்கும். நடுவில் அரை மணி நேரம் வெப்பத்தில் கிடந்தால் புரதம் சிதைந்து, ‘இல்லை’ என்ற பொய் விடை வரும். சித்திரை வெயிலில் வாணியம்பாடி நர்சிங் ஹோம் ஒன்றிலிருந்து இதை எப்படி அனுப்புவது?

பிளாக்கை வைத்தே கேட்கலாமே என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது. கருவிகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. 1941-ல் ஆல்பர்ட் கூன்ஸ், குறிப்பிட்ட ஒரு பொருளில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்புரதத்தில் (ஆன்டிபாடி) ஒளிரும் சாயத்தைக் கட்டிச் சதைக்குள் அனுப்பிக் காட்டினார். 1966-ல் நாகானேவும் பியர்ஸும் சாயத்துக்குப் பதிலாக நொதியைக் கட்டினார்கள். குதிரைமுள்ளங்கி என்ற கிழங்கிலிருந்து எடுக்கும் பெராக்ஸிடேஸ் அது. தேடிய புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் படியும், சாதாரண நுண்ணோக்கியே போதும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புரதத்தை அளவில்லாமல் தயாரிக்க வழி கண்டார்கள். 1980-ல் ஜெஃப்ரி கிரீனும் ஜென்சனும் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கென்றே அப்படி ஒன்றைச் செய்துவிட்டார்கள்.

எல்லாம் இருந்தும் பிளாக் வாய் திறக்கவில்லை. காரணம் ப்ளூமின் விரல்தான். ஃபார்மலின் புரதங்களைக் கட்டிப்போடும்போது எதிர்ப்புரதம் வந்து ஒட்ட வேண்டிய இடத்தையும் சேர்த்தே மூடிவிடுகிறது. புரதம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஆனால் முகத்தைக் காட்டாது.

குரோமியம் உப்பில் தோலைப் பதனிட்டு ‘வெட் ப்ளூ’ எடுக்கிற ஷாப்புகளில் கொதிநீர்ச் சோதனை என்று ஒன்று உண்டு. டிரம்மிலிருந்து ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்தால் அளவு அப்படியே இருக்க வேண்டும். சுருங்கினால் குரோம் சரியாகப் பிடிக்கவில்லை, டிரம் இன்னும் ஓட வேண்டும். பதம் கொதிநீருக்கு அசையக்கூடாது என்பதுதான் பதனிடுகிறவரின் கவலை. ஷான்-ரோங் ஷி என்ற ஆராய்ச்சியாளரின் கவலை இதற்கு நேர் எதிர். போட்ட பதத்தை எப்படி அவிழ்ப்பது? நூலகத்தில் 1940-களின் பழைய ஆய்வுகளைப் புரட்டினார். ஃபார்மால்டிஹைடு போட்ட கட்டு கடுமையான சூட்டில் ஓரளவு அவிழும் என்று ஃப்ரேங்கல்-கொன்ராட்டும் கூட்டாளிகளும் எழுதிவைத்திருந்தார்கள். அதை வைத்து 1991-ல் ஷி கலிஃபோர்னியாவில் ஒரு காரியம் செய்தார். பிளாக்கிலிருந்து சீவி எடுத்த துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டி, உலோக உப்புக் கரைசலில் அமிழ்த்தி, மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்கவிட்டார். வெளியே எடுத்துச் சாயம் ஏற்றினால், அதுவரை ஊமையாக இருந்த புரதங்கள் பழுப்பாக எழுந்து நின்றன.

சதையை வேகவைத்தால் எல்லாம் பாழாகும் என்று நினைத்துக்கொண்டிருந்த துறைக்கு இது சாதாரண அதிர்ச்சி இல்லை. விஷயம் இவ்வளவு எளிதாக இருந்ததால் உலகமெங்கும் பரவியது. உலோக உப்புக்குப் பதில் சிட்ரேட் கரைசல் போதும் என்றானது. நம் நாட்டில் பல ஆய்வகங்கள் மைக்ரோவேவைக்கூட எதிர்பார்க்கவில்லை. கடையில் ஸ்டீல் பிரஷர் குக்கர் வாங்கி, ஸ்லைடுகளை உள்ளே அடுக்கி, விசில் எண்ணி இறக்கினார்கள்.

அப்படி இறக்கிய ஒரு ஸ்லைடைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சீவிய துண்டின் கனம் நாலைந்து மைக்ரான், வெங்காயத் தோலைவிட மெல்லியது. பின்னணி முழுக்க வெளிர்நீலம். அந்த நீலம் ஹிமடாக்ஸிலின், மத்திய அமெரிக்காவில் வளரும் லாக்வுட் மரத்தின் சாயம். தோலுக்குக் கறுப்பு ஏற்றவும் இதையே பயன்படுத்துவார்கள், உலோக உப்பு சேர்த்தால்தான் பிடிக்கும். அந்த நீலத்தில் செல்களின் உட்கரு மட்டும் பழுப்பாக நின்றால் ஈஆர் இருக்கிறது என்று பொருள். எத்தனை செல்லில் பழுப்பு என்பதற்கு 5 வரை, எவ்வளவு அழுத்தமான பழுப்பு என்பதற்கு 3 வரை, இரண்டையும் கூட்டினால் மொத்தம் 8. இதற்கு ஆல்ரெட் மதிப்பெண் என்று பெயர். அந்த ஆல்ரெட்டும் கூட்டாளிகளும் 1999-ல் கிட்டத்தட்ட 2,000 பெண்களின் கட்டிகளை வைத்து, யாருக்கு ஹார்மோன் சிகிச்சை பலிக்கும் என்று சொல்வதில் பழைய கரித்தூள் சோதனையைவிடப் பழுப்புச் சாயமே மேல் என்று காட்டினார்கள். நூறில் ஒரு செல் பழுப்பானாலும் மாத்திரைக்குப் பலன் இருக்கலாம் என்ற வரம்பும் அந்த வழியில் வந்ததுதான்.

அதற்குள் வேறு இரண்டு புரதங்களும் வரிசையில் சேர்ந்துவிட்டன. 1987-ல் டென்னிஸ் ஸ்லாமன் குழு 189 கட்டிகளைப் பார்த்து, ஹெர்-2 மரபணு பெருகிக் கிடக்கும் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று சொன்னது. 1998-ல் அதற்கு மருந்தும் வந்தது. மருந்து வந்ததும் குறியீட்டின் பொருளே புரண்டுவிட்டது. கெட்ட சகுனமாக இருந்த ஹெர்-2, இன்ன ஊசி போடலாம் என்று வழி காட்டும் அடையாளமானது. இன்னொன்று கி-67. செல் பெருகிக்கொண்டிருக்கும்போது மட்டும் தலைகாட்டும் புரதம். ஜெர்மனியின் கீல் நகரத்தில், சோதனைத் தட்டின் 67-ஆம் குழியில் கிடைத்த எதிர்ப்புரதம் என்பதால் இந்தப் பெயர். எத்தனை சதவீதம் என்று எண்ணுவதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் தகராறு இன்றும் தீரவில்லை.

இந்தப் பழுப்புச் சாயச் சோதனைக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2000-ல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையினர் 798 கட்டிகளின் கணக்கை வெளியிட்டார்கள். ஈஆர் இருந்தது 32.6 சதவீதத்தில் மட்டும். மேலைநாடுகளில் இது மிக அதிகம். இந்தியப் பெண்களின் நோயே வேறு வகையோ என்ற பேச்சு கிளம்பியது. இளவயதுப் பெண்கள் அதிகம் என்பது ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னொரு காரணம் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும். முழு மார்பகத்தை வெட்டித் திறக்காமல், கொஞ்சம் ஃபார்மலினை ஊற்றி, மறுநாள் உறவினர் கையில் கொடுத்தனுப்பினால் நடுவிலிருக்கும் கட்டிக்கு மருந்து எட்டுவதற்குள் அது கெட்டுப்போகும். உரித்த தோலுக்கு உடனே உப்புப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று பேர்ணாம்பட்டில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அதே விதிதான் இங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின், குறைந்தது 6 மணி, அதிகம் 72 மணி ஊறல் என்று இப்போது நெறிமுறை இருக்கிறது. பதனிடும் முறை சீரானபோது இந்திய ஆய்வகங்களில் ஈஆர் விகிதமும் ஏறியது.

ஏழை நாட்டுக்கு மட்டும் வரும் வினை என்று நினைக்க வேண்டாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்த ஈஆர் சோதனைகளில் கோளாறு கண்டு, ஆயிரம் பேருக்கு மேல் மறுசோதனை செய்ததில் கிட்டத்தட்ட 400 பேரின் முடிவு மாறியது. மாத்திரை கிடைத்திருக்க வேண்டிய பெண்கள் அது கிடைக்காமலே இருந்திருக்கிறார்கள், சிலர் இறந்தும் போனார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை நடந்து 2009-ல் அறிக்கை வந்தது. சதையைப் பக்குவம் செய்வதிலும் ஆய்வக நடைமுறையிலும் இருந்த ஓட்டைகள் அதில் விரிவாக இருக்கின்றன.

ஈஆர், பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ஏற்பி), ஹெர்-2 மூன்றும் எந்த மருந்து என்று சொல்லிவிடும். கீமோ வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அது போதாது. ஈஆர் உள்ள, ஹெர்-2 இல்லாத ஆரம்பநிலைக் கட்டி என்றால், பலருக்கு மாத்திரை மட்டுமே போதும், சிலருக்குப் போதாது. யார் யார் என்று பிரிக்க அமெரிக்காவில் 2004-ல் ஆன்கோடைப் டிஎக்ஸ் வந்தது. அது 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு 2018-ல் முடிவு சொன்னது: நடுத்தர மதிப்பெண் வந்த பெரும்பாலோருக்குக் கீமோவால் கூடுதல் பலன் இல்லை, 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. அருமையான ஆய்வு. ஆனால் பிளாக் அமெரிக்காவுக்குப் பறக்க வேண்டும், செலவு லட்சக்கணக்கில். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண்ணுக்கு அது வேறு உலகத்துச் சமாச்சாரம். கீமோவும் அவளுக்கு மலிவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, நாலைந்து நாள் எழ முடியாத அசதி, அத்தனை நாளும் கூலி போச்சு.

இந்த இடைவெளியில் பிறந்ததுதான் கேன்அசிஸ்ட் பிரெஸ்ட். மஞ்சிரி பாக்ரே என்ற புற்றுநோய் உயிரியலாளர் பெங்களூரில் 2011-ல் தொடங்கிய ஆன்கோஸ்டெம் நிறுவனத்தின் சோதனை. மரபணுவை விட்டுவிட்டு அவர்கள் அதே பழைய பழுப்புச் சாயத்துக்குத் திரும்பினார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தத் துணிச்சல்தான். உலகமே மரபணு என்று ஓடும்போது குக்கரும் நுண்ணோக்கியும் போதும் என்பதற்கு ஒரு நெஞ்சுறுதி வேண்டும்.

தேர்ந்தெடுத்த புரதங்கள் ஐந்து. சிடி44, என்-கட்ஹீரின், பான்-கட்ஹீரின், ஏபிசிசி4, ஏபிசிசி11. முதல் மூன்றும் செல் எதோடு ஒட்டும், எப்போது ஒட்டை விட்டு நகரும் என்பதோடு சம்பந்தப்பட்டவை. கட்டி வேறு உறுப்புக்குப் பயணப்பட வேண்டுமானால் முதலில் இருக்கும் இடத்திலிருந்து கழன்றாக வேண்டும். கடைசி இரண்டும் செல்லுக்குள் வரும் வேதிப்பொருளை வெளியே இறைக்கும் பம்புகள், மருந்தையும்தான். (காதுக் குரும்பி ஈரமாக இருக்குமா, உலர்ந்திருக்குமா என்று தீர்மானிப்பதும் இந்த ஏபிசிசி11-தான். உடம்பு ஒரு சரக்கை எத்தனை கடையில் விற்கிறது பாருங்கள்.) ஐந்தின் சாய அளவோடு கட்டியின் பருமன், கிரேடு, நெறிக்கட்டி நிலை மூன்றையும் ஒரு கணினி முறையில் கொடுத்தால் 1 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். 15.5 வரை குறைந்த அபாயம், அதற்கு மேல் அதிக அபாயம். நடுத்தரம் என்ற மழுப்பல் கிடையாது.

2019-ல் வெளியான சரிபார்ப்பில் 857 பெண்களின் பழைய பிளாக்குகள் இருந்தன. குறைந்த அபாயம் என்று வந்தவர்களில் 95 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுகளில் நோய் வேறு உறுப்புக்குப் பரவவில்லை. அதிக அபாயம் என்று வந்தவர்களில் 84 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை நோயாளியிடம் யாரும் நிதானமாகச் சொல்வதில்லை என்பது என் குறை. ‘ஹை ரிஸ்க்’ என்று காகிதத்தில் பார்த்ததும் வீடே இழவு வீடாகிவிடுகிறது. நூறில் 84 பேர் நன்றாக இருந்தார்கள் என்பதும் அதே காகிதத்தில்தான் இருக்கிறது.

நடந்த கதையைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு அது. டெய்லர்-எக்ஸ் மாதிரி, பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, கீமோ கொடுத்தும் கொடுக்காமலும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த பலம் அதற்கு இல்லை. அதனால்தான் கையில் பணம் இருப்பவருக்கு அமெரிக்கச் சோதனையையே சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. பணம் இல்லாதவருக்குச் சோதனையே இல்லாமல் கீமோ எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகிற அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், சாம்பிள் ஷூ போகிற கூரியர் வண்டியிலேயே பிளாக்கும் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் ரிப்போர்ட் வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மதிப்பெண் பேசுவது முதல் ஐந்து வருஷத்தை மட்டும். ஈஆர் உள்ள கட்டி அவசரப்படாத ஜாதி, இருபது வருஷம் வரைக்கும்கூடத் திரும்பி வருவதைப் பெரிய கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. குறைந்த அபாயம் என்று வந்துவிட்டதே என்று இரண்டாம் வருஷத்திலேயே டமோக்சிஃபெனை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கீமோ வேண்டாம் என்று அந்தச் சோதனை சொன்னது, மாத்திரையை ஒழுங்காக ஐந்து வருஷமாவது சாப்பிடுவார்கள் என்ற கணக்கில்தான். ஒரு மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.